குழுக்களுக்கு முன்னுரிமை எண்: எங்கே உதவும், எங்கே கெடுக்கும்

கேள்வி இதுதான்: ஓர் அலுவலக மென்பொருளில் பயனர்களைக் குழுக்களாகப் பிரித்து, அனுமதிகளைக் குழுக்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஒருவரே இரண்டு மூன்று குழுக்களில் இருப்பது சகஜம். ஒரு குழு ‘செய்யலாம்’ என்கிறது, இன்னொன்று ‘கூடாது’ என்கிறது. எதை எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்ய ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு முன்னுரிமை எண். பெரிய எண் உள்ள குழு சொல்வதே செல்லும். ஆரம்பத்தில் நன்றாக ஓடியது. இப்போது குழுக்கள் முப்பதைத் தாண்டிவிட்டன. ஒருவருடைய சிக்கலைத் தீர்க்க ஒரு எண்ணை மாற்றினால், சம்பந்தமே இல்லாத இன்னொருவருக்கு ஏதோ திறந்துகொள்கிறது அல்லது மூடிக்கொள்கிறது. எண்களைச் சரியாக வரிசைப்படுத்த ஏதாவது முறை உண்டா?

இல்லை, இருக்கவும் முடியாது. இரண்டே குழுக்களை வைத்து அதைக் காட்டிவிடலாம்.

‘கணக்குப் பிரிவு’ என்று ஒரு குழு, எண் 20. பில்லுக்கு ஒப்புதல் கொடுக்கலாம், அறிக்கைகளை இறக்கிக்கொள்ளலாம். ‘புதியவர்கள்’ என்று இன்னொரு குழு, எண் 30. வேலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆகாதவர்கள் இதில் இருப்பார்கள். ஒப்புதலும் கூடாது, அறிக்கை இறக்கமும் கூடாது. கணக்குப் பிரிவில் ஒருவர் புதிதாகச் சேர்கிறார். இரண்டு குழுக்களிலும் இருப்பார். அவர் பில்லுக்கு ஒப்புதல் கொடுத்துவிடக் கூடாது, அதற்குப் ‘புதியவர்கள்’ ஜெயிக்க வேண்டும். ஆனால் மாத அறிக்கையை இறக்கிச் சரிபார்ப்பதுதான் அவருடைய வேலையே, அதற்குக் ‘கணக்குப் பிரிவு’ ஜெயிக்க வேண்டும். ஒரு அனுமதிக்கு முதல் குழு மேலே இருக்க வேண்டும், இன்னொரு அனுமதிக்கு இரண்டாவது குழு மேலே இருக்க வேண்டும். குழுவுக்கு ஒரே ஒரு எண் என்று வைத்துவிட்டால் இந்த இரண்டும் ஒருசேர நடக்கவே நடக்காது.

வழக்கமாக இந்த இடத்தில் ‘கணக்கு-புதியவர்’ என்று மூன்றாவதாக ஒரு குழுவை 35 என்ற எண்ணில் உருவாக்குவார்கள். அடுத்து கொள்முதல் பிரிவில் அதே சிக்கல் வரும், ‘கொள்முதல்-புதியவர்’ பிறக்கும். உங்கள் முப்பது குழுக்களில் எத்தனை இப்படிப் பிறந்தவை என்று பட்டியலை எடுத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

சரி, அந்த அறிக்கை இறக்கத் தடை எதற்காக வந்தது? பெரும்பாலும் கதை இப்படி இருக்கும்: எல்லோரும் இருக்கும் ‘ஊழியர்கள்’ குழுவுக்கு அறிக்கை இறக்கம் கொடுத்திருப்பார்கள். பிறகு ஒரு நாள், புதிதாக வந்தவர்களுக்கு அது வேண்டாம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். ‘ஊழியர்கள்’ குழுவிலிருந்து எடுப்பதற்குப் பதிலாகப் ‘புதியவர்கள்’ குழுவில் தடை போட்டிருப்பார்கள். தேவைக்கு மேல் அகலமாகக் கொடுத்த ஒன்றை மறைக்கப் போட்ட ஒட்டு அது. ஒப்புதலுக்கான தடை அப்படியல்ல. எந்தப் பிரிவில் இருந்தாலும், வேறு எத்தனை குழுக்களில் இருந்தாலும், முதல் ஆறு மாதம் பணம் போகும் இடத்தில் கை வைக்கக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. அது உண்மையான தடை.

இந்த இரண்டையும் பிரித்துவிட்டால் எண்ணுக்கு வேலையே இல்லாமல் போகிறது. அறிக்கை இறக்கத்தை ‘ஊழியர்கள்’ குழுவிலிருந்து எடுத்து, யாருக்குத் தேவையோ அந்தப் பிரிவுகளுக்குக் கொடுங்கள். ‘புதியவர்கள்’ குழுவில் உள்ள அந்தத் தடையை நீக்குங்கள். ஒப்புதல் தடை அப்படியே இருக்கட்டும். விதியை இப்படி மாற்றுங்கள்: பயனர் இருக்கும் எந்தக் குழுவிலாவது தடை இருந்தால் கூடாது, தடை எங்கும் இல்லை, ஏதாவது ஒரு குழுவில் அனுமதி இருக்கிறது என்றால் செய்யலாம், இரண்டும் இல்லையென்றால் கூடாது. நம் கணக்குப் பிரிவு ஆளுக்கு இப்போது அறிக்கை கிடைக்கும், ஒப்புதல் கிடைக்காது. கூடுதல் குழு தேவைப்படவில்லை.

இந்த விதியின் பெரிய பலன், குழுக்களை எந்த வரிசையில் பார்த்தாலும் விடை மாறாது என்பது. அனுமதிகள் மட்டும் உள்ள ஒரு குழுவில் ஒருவரைச் சேர்த்தால் அவருக்கு அதிகம் கிடைக்கலாமே தவிர எதுவும் குறையாது. தடைகள் மட்டும் உள்ள குழுவில் சேர்த்தால் குறையலாமே தவிர எதுவும் அதிகமாகாது. அட்மின் ஒருவர் பட்டனை அழுத்துவதற்கு முன்பே என்ன நடக்கும் என்று மனதிலேயே கணக்குப் போட முடிய வேண்டும். அதற்கு இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து எளிய வழி. ஆகவே ஒரே குழுவில் அனுமதியையும் தடையையும் கலக்காதீர்கள். தடைகளுக்கென்று தனியாகச் சில குழுக்கள் இருக்கட்டும்: புதியவர்கள், இடைநிறுத்தப்பட்டவர்கள், வெளி ஒப்பந்தக்காரர்கள் என்று கைவிரல்களில் எண்ணிவிடும்படி. அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் எங்கோ அனுமதியை அள்ளிக் கொடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இதற்கு அடிப்படையாக ஒன்று வேண்டும். அனுமதிக்கு மூன்று நிலைகள்: உண்டு, கூடாது, எதுவும் சொல்லவில்லை. நிறைய மென்பொருள்களில் இதை ஒரு டிக் பெட்டியாக வைத்துவிடுகிறார்கள். தரவுத்தளத்தில் 1 அல்லது 0. டிக் இல்லையென்றால் அது ‘கூடாது’ என்பதா, ‘இந்தக் குழுவுக்கு இதைப் பற்றிக் கருத்தில்லை’ என்பதா? நிரலை எழுதியவர் ஒன்றை நினைத்திருப்பார், அட்மின் இன்னொன்றை நினைப்பார். முப்பது குழு, நூறு அனுமதி என்றால் மூவாயிரம் கட்டங்கள். அவற்றில் பெரும்பாலானவை ‘எதுவும் சொல்லவில்லை’ என்றுதான் இருக்க வேண்டும். அதனால் டேபிளில் ஒவ்வொரு கட்டத்துக்கும் வரி போடாதீர்கள். சொல்வதற்கு ஏதாவது இருந்தால் மட்டும் ஒரு வரி: குழு, அனுமதி, விளைவு. வரி இல்லையென்றால் கருத்தில்லை. திரையிலும் டிக் பெட்டியை எடுத்துவிட்டு மூன்று தேர்வுகள் கொடுங்கள்.

மற்ற அமைப்புகள் இதை எப்படிச் செய்கின்றன என்று பார்ப்பது பயனுள்ளது. ஒரே கேள்விக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விடை வைத்திருக்கிறது, ஒரு அமைப்பில் பழகியவர் அதே பழக்கத்தோடு இன்னொன்றுக்குள் வரும்போது இடறுவது இதனால்தான்.

யூனிக்ஸ் இயங்குதளத்தில் கோப்பு அனுமதி ஒன்பது பிட்டுகள்: உரிமையாளருக்கு மூன்று, குழுவுக்கு மூன்று, மற்றவர்களுக்கு மூன்று. இவை ஒன்றோடொன்று கூடுவதில்லை. முதலில் எது பொருந்துகிறதோ அதோடு முடிந்தது. இதை மூன்று இலக்கங்களாக, அதே வரிசையில் எழுதுவார்கள்: 7 என்றால் எல்லாம் உண்டு, 5 என்றால் படிக்கலாம், எழுத முடியாது, 0 என்றால் எதுவும் இல்லை. ஒரு கோப்பின் அனுமதி 070 என்று இருந்தால் குழுவில் உள்ளவர்கள் படிக்கலாம், எழுதலாம். ஆனால் உரிமையாளர் அதே குழுவில் இருந்தாலும் படிக்க முடியாது. அவர் உரிமையாளர் என்று தெரிந்ததுமே கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) முதல் மூன்று பிட்டுகளைப் பார்த்து ‘இல்லை’ என்று சொல்லிவிடும், குழுப் பக்கம் போகாது. உரிமையாளர் என்பதால் அனுமதியைத் தானே மாற்றிக்கொள்ளலாம், அது வேறு விஷயம். இதே தன்மையைப் பயன்படுத்தி 705 என்று வைத்தால், உலகமே படிக்கலாம், அந்த ஒரு குழு மட்டும் படிக்க முடியாது.

விண்டோஸ் கோப்புகளில் ‘தடைதான் எப்போதும் ஜெயிக்கும்’ என்று பலரும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது முழு உண்மை அல்ல. அங்கே பட்டியல் வழக்கமாக இந்த வரிசையில் இருக்கும்: அந்தக் கோப்பிலேயே போட்ட தடை, அந்தக் கோப்பிலேயே கொடுத்த அனுமதி, மேலிருந்து வந்த தடை, மேலிருந்து வந்த அனுமதி. மேல் கோப்புறையில் ஒரு குழுவுக்குத் தடை போட்டிருந்தாலும், கீழே உள்ள கோப்பில் நேரடியாக அனுமதி கொடுத்திருந்தால் கோப்பு திறக்கும். மேலே பூட்டிவிட்டோம் என்ற நம்பிக்கையில் யாரும் கீழே பார்ப்பதில்லை. இன்னொரு கூர்மையான இடமும் அங்கே உண்டு: அனுமதிப் பட்டியலே இல்லை என்றால் எல்லோருக்கும் முழு அனுமதி, பட்டியல் இருக்கிறது, ஆனால் காலி என்றால் யாருக்கும் அனுமதி இல்லை.

அமேசானின் மேகக் கணினிச் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸில் அனுமதிகளைக் கவனிக்கும் ஐஏஎம், நான் மேலே சொன்ன விதிக்கு மிக அருகில் இருக்கிறது. சொல்லாதது எல்லாம் இல்லை. வெளிப்படையாகப் போட்ட தடை எங்கிருந்தாலும் எல்லா அனுமதிகளையும் மீறும். பல சர்வர்களில் மென்பொருள்களை இயக்கி நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ் இன்னும் ஒரு படி போய், தன் ரோல் (அனுமதித் தொகுப்பு) முறையில் தடை என்பதையே வைக்கவில்லை. அனுமதிகள் கூடிக்கொண்டே போகும், அவ்வளவுதான். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்திலும் அப்படித்தான். அங்கே ‘ரிவோக்’ என்பது தடை அல்ல, கொடுத்ததைத் திரும்ப வாங்குவது மட்டுமே. ஒருவர் தான் இருக்கும் குழு ரோல் மூலமாக ஒரு டேபிளைப் படிக்கிறார் என்று வையுங்கள். அவர் பெயரைச் சொல்லி ‘ரிவோக்’ போட்டால் கட்டளை பிழை எதுவும் காட்டாமல் முடியும். அவர் முன்போலவே படித்துக்கொண்டிருப்பார். இதைச் சரிபார்க்காமல் வேலை முடிந்தது என்று டிக்கெட்டை மூடிவிடுவது ஆபத்து. மைக்ரோசாஃப்டின் தரவுத்தளமான எஸ்க்யூஎல் சர்வரில் தடை உண்டு, அனுமதியை அது மீறும். ஆனால் டேபிள் முழுவதற்கும் தடை இருந்து ஒரு நெடுவரிசைக்கு மட்டும் அனுமதி இருந்தால் அந்த நெடுவரிசை திறந்திருக்கும். பழைய நிரல்கள் உடையக் கூடாது என்பதற்காக அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள்.

அரட்டைச் செயலியான டிஸ்கார்டைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘மேலே உள்ள ரோல் ஜெயிக்கும்’ என்ற எண்ணம் பலருக்கு அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அங்கே ஒருவருடைய எல்லா ரோல்களின் அனுமதிகளும் முதலில் ஒன்றாகக் கூட்டப்படுகின்றன. ஒரு சேனலுக்குத் தனியாக மாற்றம் இருந்தால், அந்தச் சேனலில் அவருடைய ரோல்களுக்குப் போட்ட தடைகள் எல்லாம் முதலில் கழிக்கப்படும், அதன் பிறகு அனுமதிகள் எல்லாம் சேர்க்கப்படும். அதாவது ரோல்களுக்குள் மோதினால் அங்கே அனுமதிதான் ஜெயிக்கிறது. கடைசியாக அந்த நபருக்கென்றே போட்ட மாற்றம். ரோல் பட்டியலில் எது மேலே, எது கீழே என்பது இந்தக் கணக்கில் வருவதே இல்லை. யார் யாரை வெளியேற்றலாம், யாருக்கு எந்த ரோலைக் கொடுக்கலாம் போன்றவற்றுக்குத்தான் அந்த வரிசை.

உங்கள் மென்பொருளின் சிக்கல் பாதி இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரே எண் பல வேலைகளைச் சுமக்கிறது: ஒருவர் ஒரு காரியத்தைச் செய்யலாமா, அவருக்கு எந்த அமைப்பு மதிப்பு (செட்டிங்) பொருந்தும், அவரை யார் நிர்வகிக்கலாம். முதலாவதற்கு எண் வேண்டாம் என்று பார்த்தோம். மற்ற இரண்டையும் பார்ப்போம்.

ஆம், இல்லை என்று விடை வராத சில அமைப்புகள் (செட்டிங்குகள்) உண்டு. பதிவேற்ற வரம்பு ஒரு குழுவில் 10 எம்பி, இன்னொன்றில் 100 எம்பி என்றால் எது? இங்கே அந்தந்த அமைப்புக்கு ஒரு விதி எழுதிவிடுங்கள். பதிவேற்ற வரம்புக்குப் பெரியது. எதுவும் செய்யாமல் இருந்தால் எத்தனை நிமிடத்தில் லாக் அவுட் ஆக வேண்டும் என்பதற்குச் சிறியது, அது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்பதால். இப்படிப் பெரியது சிறியது என்று பார்க்க முடியாதவை மிச்சம் இருக்கும்: லாகின் ஆனதும் எந்தப் பக்கம் வர வேண்டும், பெயருக்குப் பக்கத்தில் எந்தப் பட்டை காட்ட வேண்டும், எந்தக் கடவுச்சொல் கொள்கை பொருந்தும். முன்னுரிமை எண்ணுக்கு உண்மையான வேலை இங்கேதான்.

நிறுவனத்தின் பயனர் கணக்குகளை ஓரிடத்தில் நிர்வகிக்கும் விண்டோஸின் ஆக்டிவ் டைரக்டரியில் கடவுச்சொல் கொள்கைகளுக்கு இப்படி ஒரு எண் உண்டு. விண்டோஸ் சர்வர் 2008-இல் வந்தது. குழுக்கள் வழியாகப் பல கொள்கைகள் ஒருவருக்குப் பொருந்தினால் சிறிய எண் உள்ளது செல்லும். பயனருக்கே நேரடியாக இணைத்த கொள்கை இருந்தால் அது குழுக்களின் கொள்கையை மீறும். இரண்டு கொள்கைகளின் எண்ணும் ஒன்றாகவே இருந்தால், அதற்கும் ஒரு விதி எழுதி வைத்திருக்கிறார்கள், அடையாளக் குறியீடு சிறியதாக உள்ளது செல்லும். சமநிலைக்கும் விடை இருப்பதைக் கவனியுங்கள். நீங்கள் அதை எழுதாமல் விட்டால், தரவுத்தளம் எந்த வரியை முதலில் கொடுக்கிறதோ அதுவே விடையாகிவிடும், அது இன்று ஒன்றாகவும் நாளை வேறாகவும் இருக்கலாம். ஒரே எண்ணை இரண்டு குழுக்களுக்குக் கொடுக்க முடியாதபடி டேபிளிலேயே கட்டுப்பாடு போட்டுவிடுவது இன்னும் நல்லது. அப்புறம், பெரிய எண் மேலா, சிறிய எண் மேலா என்பதைத் திரையிலேயே எழுதுங்கள். மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர்களில் அனுமதிகளுக்குப் பயன்படும் லக்பெர்ம்ஸில் பெரிய எடை (முன்னுரிமை எண்) உள்ள குழு ஜெயிக்கும், ஆக்டிவ் டைரக்டரியில் சிறிய எண் ஜெயிக்கும். எண்ணைத் தட்டச்சு செய்ய விடுவதை விட, பட்டியலை இழுத்து மேலே கீழே வைக்கும்படி செய்தால் இந்தக் குழப்பமே வராது.

அடுத்தது, யாரை யார் நிர்வகிக்கலாம் என்பது. மிக அதிகமாக ஓட்டை விழுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பயனர்களைக் குழுக்களில் சேர்க்கும் அனுமதியை ஒரு பிரிவுத் தலைவருக்குக் கொடுக்கிறீர்கள். அவர் தன்னையே அட்மின் குழுவில் சேர்த்துக்கொள்ளலாமா? நிரலில் தடுக்காவிட்டால் சேர்த்துக்கொள்ளலாம். குபெர்னெட்டிஸ் இதற்கு ஒரு தெளிவான விதி வைத்திருக்கிறது: தன்னிடம் இல்லாத அனுமதியை உள்ளடக்கிய ரோலை ஒருவர் உருவாக்கவோ மாற்றவோ முடியாது, அதற்கென்று தனி அனுமதி இருந்தாலொழிய. அதையே எடுத்துக்கொள்ளுங்கள்: தன்னிடம் இல்லாததைப் பிறருக்குக் கொடுக்க முடியாது. கூடவே, தன்னைத் தானே எந்தக் குழுவிலும் சேர்க்கவோ, தடைக் குழுவிலிருந்து விடுவித்துக்கொள்ளவோ முடியாது என்றும் வையுங்கள்.

இதோடு முடியவில்லை. உதவி மேசையில் இருப்பவருக்குக் கடவுச்சொல்லை மாற்றிக் கொடுக்கும் அனுமதி இருக்கும். அது அட்மின்களின் கடவுச்சொல்லுக்கும் பொருந்தும் என்றால், உதவி மேசையில் உள்ள ஒவ்வொருவரும் அட்மின்தான். குழுப் பட்டியலில் அப்படித் தெரியாது, அவ்வளவே. மின்னஞ்சல் முகவரியை மாற்றும் அனுமதியும் அப்படித்தான், கடவுச்சொல் மீட்பு இணைப்பு அந்த முகவரிக்குத்தானே போகும். ஆகவே ஒரு பயனரின் கணக்கைத் தொடும் எந்தச் செயலுக்கும் கூடுதலாக ஒரு சோதனை வேண்டும்: அவரிடம் உள்ள அனுமதிகள் எல்லாம் தொடுபவரிடமும் இருக்கிறதா? இல்லையென்றால் தொடக் கூடாது. இதைச் செய்தால் படிநிலைக்கென்று எண்கூடத் தேவைப்படாது, அனுமதிகளே படிநிலையாகிவிடும். கடைசி அட்மினை யாரும், அவரே கூட, நீக்க முடியாதபடியும் செய்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் செய்யக்கூடிய சூப்பர் பயனர் இருந்தால், தடை அவரையும் கட்டுமா என்று முன்பே முடிவு செய்யுங்கள். பைத்தான் மொழியின் இணையக் கட்டமைப்பான ஜாங்கோவில் சூப்பர் யூசருக்கு எந்த அனுமதியைக் கேட்டாலும் ‘உண்டு’ என்றுதான் வரும், ஆனால் அதற்கு முன் அந்தக் கணக்கு செயலில் இருக்கிறதா என்று பார்க்கிறது. அந்த வரிசை சரியானது. கணக்கு முடக்கம் என்பது குழு, அனுமதி எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்க வேண்டிய கேள்வி. அதை இன்னொரு குழுவாக வைத்துவிட்டு எண் போட்டு ஜெயிக்க வைக்கப் பார்க்காதீர்கள்.

குழுக்களின் எண்ணிக்கையைக் குறைக்க நான் எப்போதும் பரிந்துரைப்பது, மனிதர்கள் சேரும் குழுவையும் அனுமதிகள் சேரும் தொகுப்பையும் பிரிப்பது. ‘கணக்குப் பிரிவு’ என்பது மனிதர்களின் குழு. ஆள் மாறும்போது மனிதவளப் பிரிவு அதைத் தொடும். ‘பில் ஒப்புதல்’ என்பது அனுமதித் தொகுப்பு; மென்பொருள் மாறும்போது அதன் பொறுப்பாளர் அதைத் தொடுவார். குழுவைத் தொகுப்போடு இணைப்பது மட்டும் தனி முடிவு. விண்டோஸ் உலகில் நெடுநாளாக உள்ள வழக்கமும் இதுதான்: பயனர்கள் ஒருவகைக் குழுவில், அந்தக் குழு இன்னொரு வகைக் குழுவில், அனுமதி இரண்டாவதற்கு. இரண்டு அடுக்குக்கு மேல் போகாதீர்கள். குழுவுக்குள் குழு, அதற்குள் குழு என்று விட்டால் ‘அ’வுக்குள் ‘ஆ’, ‘ஆ’வுக்குள் ‘அ’ என்று யாராவது சுற்றி விடுவார்கள். சேர்க்கும்போதே அதைக் கண்டுபிடித்து மறுக்க வேண்டும். ஐஏஎம் குழுக்களில் குழுவுக்குள் குழு என்பதே கிடையாது. அந்த எளிமைக்கு மதிப்பு உண்டு.

தனி நபருக்கு நேரடி அனுமதி கொடுக்கலாமா என்று கட்டாயம் கேட்பார்கள். விடுப்பில் போகிறவருக்குப் பதில் ஒருவர் இரண்டு வாரம் பார்க்க வேண்டும் என்பது போன்ற தேவை நிஜமானது. கொடுங்கள், ஆனால் முடிவுத் தேதியும் காரணமும் இல்லாமல் சேமிக்க முடியக் கூடாது. காலாவதியானதை இரவில் ஓடும் வேலை ஒன்று துடைத்துவிடும் என்று நம்ப வேண்டாம். அனுமதியைச் சோதிக்கும் அந்தக் கணத்திலேயே தேதியைப் பாருங்கள். நேரடி அனுமதியாலும் தடைக் குழுவை மீற முடியக் கூடாது.

திட்டம், கோப்புறை என்று எல்லைகள் இருந்தால்? மேலே கொடுத்த அனுமதி கீழே இறங்கும், மேலே போட்ட தடையும் இறங்கும், கீழே இருந்துகொண்டு மேல் தடையை யாரும் அவிழ்க்க முடியாது என்று வையுங்கள். ஒரு கோப்புறையைச் சிலருக்கு மட்டும் என்று ஆக்க வேண்டுமானால், மற்ற எல்லோருக்கும் தடை போடுவது தவறான வழி. நாளைக்கு ஒரு புதிய குழு வந்தால் அதற்குத் தடை போட மறந்துவிடும். அந்த இடத்தில் மேலிருந்து அனுமதி இறங்குவதைத் துண்டித்துவிட்டு, வேண்டியவர்களுக்கு மட்டும் புதிதாகக் கொடுங்கள்.

நிரலில் ஒன்றைக் கண்டிப்பாகத் தேடிப் பாருங்கள்: ‘பயனர் கணக்குப் பிரிவில் இருக்கிறாரா’ என்று குழுவின் பெயரைக் கேட்கும் வரிகள். ஒன்றுகூட இருக்கக் கூடாது. ‘பில் ஒப்புதல் உண்டா’ என்று அனுமதியைத்தான் கேட்க வேண்டும். குழுப் பெயரை நிரலுக்குள் எழுதிவிட்டால் மேலே சொன்ன எந்த விதியும் அந்த வரியைக் கட்டாது. பட்டனை மறைப்பதோடு நிறுத்திக்கொள்வதும் அப்படித்தான்; சோதனை சர்வரில் நடக்க வேண்டும். 2021-இல் மென்பொருள் பாதுகாப்புக்கான அமைப்பான ஓவாஸ்ப் வெளியிட்ட பத்து முக்கிய இணையப் பாதுகாப்பு அபாயங்களின் பட்டியலில் அணுகல் கட்டுப்பாட்டு உடைப்பு முதலிடத்தில் இருந்தது. அதற்கு முந்தைய பட்டியலில் ஐந்தாவதாக இருந்தது.

குழுவிலிருந்து எடுத்த பிறகும் ஒருவர் உள்ளே இருப்பது பற்றியும் சொல்ல வேண்டும். லினக்ஸில் ஒருவரைப் புதிய குழுவில் சேர்த்தால், அவர் மறுபடி லாகின் செய்யும் வரை அது தெரியாது. நீக்கினாலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அவருடைய புராசஸ்கள் பழைய குழுவோடுதான் ஓடும். விண்டோஸிலும் குழுப் பட்டியல் லாகின் நேரத்தில் டோக்கனுக்குள் (லாகின் ஆனவரின் அடையாளச் சீட்டுக்குள்) போய்விடுகிறது. இணைய மென்பொருளில் குழுக்களை டோக்கனில் எழுதி ஒரு மணி நேர ஆயுள் கொடுத்தால், வேலையை விட்டு நீக்கியவர் இன்னும் ஒரு மணி நேரம் உள்ளே இருக்கலாம். என் யோசனை: அனுமதிகளை கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வையுங்கள், தடைகளையும் கணக்கு முடக்கத்தையும் ஒவ்வொரு முறையும் நேரில் பாருங்கள். அனுமதி ஐந்து நிமிடம் தாமதமாகக் கிடைத்தால் ஒருவர் முணுமுணுப்பார். தடை ஐந்து நிமிடம் தாமதமானால் பணம் போகலாம். தடைக் குழுக்கள் கொஞ்சமே என்பதால் இது சர்வருக்கும் சுமையாக இருக்காது.

இத்தனைக்கும் மேல் ஒரு வசதி மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்: அனுமதியைச் சோதிக்கும் செயற்கூறு வெறும் ஆம், இல்லை என்று சொல்லாமல் காரணத்தையும் திருப்பித் தரட்டும். அட்மின் ஒரு பயனரையும் ஒரு அனுமதியையும் தேர்ந்தெடுத்தால் திரையில் இப்படி வர வேண்டும்:

பில் ஒப்புதல்: கூடாது
காரணம்: ‘புதியவர்கள்’ குழுவின் தடை
இந்தக் குழுவில் சேர்த்தது: மனிதவளப் பிரிவு
தடை இல்லாவிட்டால்: உண்டு, ‘கணக்குப் பிரிவு’ வழியாக

அந்தக் கடைசி வரி முக்கியம். தடையை எடுத்தால் என்ன ஆகும் என்று எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். இந்தத் திரை இருந்தால் ‘எனக்கு ஏன் வரவில்லை’ என்ற தொலைபேசி அழைப்புகளை உதவி மேசையே முடித்துவிடும், உங்கள் வரை வராது.

இனி, இப்போது இருக்கும் எண்களிலிருந்து புதிய விதிக்கு எப்படிப் போவது? ஒரே இரவில் மாற்றாதீர்கள். எல்லாப் பயனருக்கும் எல்லா அனுமதிக்கும் பழைய விதிப்படி ஒரு விடை, புதிய விதிப்படி ஒரு விடை கணக்கிடுங்கள். 400 பேர், 120 அனுமதி என்றால் 48,000 விடைகள். கணினிக்கு அது ஒன்றுமே இல்லை. மாறும் விடைகளை மட்டும் எடுத்து, எந்தெந்தக் குழுக்கள் சேர்ந்ததால் எந்த அனுமதி மாறுகிறது என்று தொகுங்கள். ஆள் ஆளாகப் பார்த்தால் நூற்றுக்கணக்கில் தெரிவது, இப்படித் தொகுத்தால் மிகச் சிறிய பட்டியலாகச் சுருங்கிவிடும், ஒரே காரணம்தான் பலரிடம் திரும்பத் திரும்ப வந்திருக்கும்.

அந்தப் பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். புதிதாக அனுமதி பெறுபவர்கள் ஒரு பக்கம். இழப்பவர்கள் இன்னொரு பக்கம். பெறுபவர்களை முதலில் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் அந்தப் பிரிவின் பொறுப்பாளரிடம் கேட்டுவிடுங்கள். அனுமதியை இழந்தவர் அன்றே புகார் சொல்லிவிடுவார், கிடைக்கக் கூடாதது கிடைத்தவர் சொல்ல மாட்டார். இழப்பவர்களில் பெரும்பாலும் பழைய ஒட்டுத் தடைகள்தான் காரணமாக இருக்கும்; அகலமாகக் கொடுத்த அனுமதியைச் சுருக்கி அந்தத் தடையை நீக்கினால் சரியாகிவிடும். வித்தியாசப் பட்டியலில் மிஞ்சியிருப்பது எல்லாம் தெரிந்தே ஏற்றுக்கொண்ட மாற்றங்கள் என்று ஆகும் வரை இதைச் செய்யுங்கள். பிறகு ஒரு மாத முடிவு, ஒரு தணிக்கை என்று அரிதாக நடக்கும் வேலைகளும் வந்து போகும் வரை, பழைய விதியே முடிவெடுக்கட்டும், புதிய விதி பக்கத்தில் ஓடி வித்தியாசத்தை மட்டும் லாகில் (பதிவுக் கோப்பில்) எழுதட்டும். எதிர்பாராத எதுவும் லாகில் வரவில்லை என்றால் மாற்றிவிடலாம். மாற்றிய அன்றே அனுமதித் திரையிலிருந்து அந்த எண் பெட்டியை எடுத்துவிடுங்கள். லாகின் பக்கம், பட்டை போன்றவற்றுக்கு வேண்டிய வரிசையை வேறொரு திரையில், வேறொரு பெயரில் வையுங்கள். பழைய இடத்திலேயே விட்டால், அடுத்த அவசரத்தில் யாராவது அதில் 99 என்று போட்டுவிட்டு வேலை செய்யவில்லையே என்று உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.